கோழி நொண்டினால் முதலில் காலைத் தூக்கிப் பாருங்கள்

எங்கள் வீட்டுக் கறுப்பி ஓர் ஐப்பசி மாதம் சாயங்காலம் கூண்டுக்குள் கடைசி ஆளாகப் போக ஆரம்பித்தாள். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து ஒற்றைக் காலில் நின்றபடி தவிடு தின்பதைப் பார்த்துத்தான் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்காலின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அதைச் சுற்றி சதை வீங்கி, தொட்டால் சுட்டது. அன்றைக்கே பார்த்திருந்தால் இரண்டு நாள் வேலையாக முடிந்திருக்கும். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

கோழி வலியைக் காட்டாது. நொண்டுவது மற்ற கோழிகளின் கண்ணில் பட்டால் கொத்து வாங்க வேண்டும், அதனால் முடிந்தவரை மறைக்கும். ஆகவே நமக்கு நொண்டல் தெரிகிறது என்றாலே கோளாறு கொஞ்சம் பழையதாகிவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிப்பதும் பார்ப்பதும்

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். ஏற்கெனவே வலிக்கிற காலோடு ஓடி இன்னும் கெடுத்துக்கொள்ளும். இருட்டிய பிறகு கம்பில் அடைந்திருக்கும்போது இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து எடுத்தால் சத்தம்கூடப் போடாது. பழைய துண்டில் சுற்றி, தலையையும் லேசாக மூடி, மடியில் மல்லாக்காகச் சாய்த்து வைத்தால் அடங்கிவிடும். மூக்கை அழுத்தக் கூடாது. மார்பையும் அழுத்தக் கூடாது, நெஞ்சுக்கூடு விரிந்தால்தான் அது மூச்சு விட முடியும். சந்தையில் செய்வதுபோல் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கால் நோய்க்கு அதைவிடப் பொருத்தமில்லாத முறை வேறில்லை.

டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் பாருங்கள். ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால்தான் வீக்கம் தெரியும், புறங்கையை வைத்தால் சூடு தெரியும். உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம், செதில், கணுமூட்டு, தொடை என்று கீழிருந்து மேலே போங்கள். அழுக்கு அப்பியிருந்தால் கழுவிவிட்டுப் பாருங்கள். கறுப்பியின் பொட்டை முதல் பார்வையில் சாணம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளங்காலில் கறுப்புப் பொட்டு, வீக்கம், சூடு

வீட்டுக் கோழிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பலர் ‘கால் ஆணி’ என்பார்கள். ஆணி மாதிரி இருந்தாலும் இது கிருமி புகுந்த சீழ்க்கட்டி. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அது தோலிலும் மண்ணிலும் எப்போதும் இருப்பதுதான். முள் குத்தியோ, கல் வெட்டியோ, உயரத்திலிருந்து குதித்துத் தோல் நசுங்கியோ வழி கிடைத்தால் உள்ளே போய்விடும். உடம்பு கனத்த பெருவிடைக்கும் சண்டைச் சேவலுக்கும் அதிகம் வரும், சிறுவிடைக்குக் குறைவு. பாதத்தின் மேல் எத்தனை எடை விழுகிறது என்பதுதான் விஷயம்.

எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

தோல் சிவந்து பளபளப்பாக இருக்கிறது, பொட்டு இல்லை, நடை ஏறத்தாழ சரியாக இருக்கிறது என்றால் கிருமி இன்னும் ஆழம் போகவில்லை. பாதத்தைக் கழுவி, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, மெத்தென்ற காய்ந்த தரையில் வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பொட்டு விழுந்து வீங்கியிருந்தால் ஊறவைக்க வேண்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு அல்லது எப்சம் உப்பு போட்டு, பாதம் மூழ்கும்படி 15 நிமிடம் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் வாளியைவிட அகலமான பேசின் வசதி, கோழி பயப்படாது. அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எப்சம் உப்பு பேதியாக்கும். காலை, மாலை என்று மூன்று நாள் செய்தால் பொட்டின் ஓரம் வெள்ளையாக ஊறித் தூக்கிக்கொள்ளும். அப்போது கையுறை மாட்டிக்கொண்டு, கொதிக்கவைத்து ஆறிய சாமணத்தால் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். வருகிற மட்டும் வரட்டும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மனிதக் கட்டிபோல் அமுக்கினால் சீழ் பீறிட்டு வரும் என்று நினைத்துப் பிதுக்குகிறார்கள். கோழியின் சீழ் நீராக ஓடாது. நம் வெள்ளை அணுக்களில் சீழைக் கரைக்கும் நொதி இருக்கிறது. கோழியின் அணுக்களில் அது இல்லாததால் சீழ் இறுகி, உறைந்த மெழுகு மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டியாக உட்காரும். பிதுக்கினால் வெளியே வராது, தசைநாரை ஒட்டி இன்னும் உள்ளே போகும். கறுப்பிக்கு நான்காம் நாள் பொட்டைத் தூக்கியபோது அதோடு வேர்போல் ஒரு துண்டு சேர்ந்து வந்தது, அரை அங்குலம் இருக்கும். பின்னால் நல்ல சிவப்பில் குழி. இரத்தம் சில சொட்டுதான்.

குழியை உப்புத் தண்ணீரால் கழுவி, டீ நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினைச் சொட்டுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிப் பொங்க வைப்பது பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் தினமும் ஊற்றினால் புதிதாக வளரும் சதையையும் அரித்துவிடும். அதன்மேல் களிம்பு தடவிய மெல்லிய துணி, பிறகு கட்டு. வலி மரத்துப்போகும் களிம்புகளில் பெயர் ‘கெய்ன்’ என்று முடியும் மருந்துகள் இருக்கும். பறவைகளுக்கு அவை எளிதில் அளவு மீறும் என்பதால் வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள்.

கட்டு போடும்போது பஞ்சைப் பாதத்துக்கு அடியில் வைத்து, மேலே தன்னோடு தானே ஒட்டும் கட்டுநாடாவை விரல் இடுக்குகளில் எட்டு போட்டதுபோல் கொண்டுவந்து விரல்கள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே முடியுங்கள். அரை மணி கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், வீங்கியிருந்தால் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். முதல் மூன்று நாள் தினமும் மாற்றுங்கள், அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஈரமானால் கணக்கு பார்க்காமல் உடனே மாற்றுங்கள். கோழி கட்டைக் கொத்தும். அதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி, முன்னால் ஒரு கத்தைக் கீரையைத் தொங்கவிடுவது.

பிளேடால் வெட்டுவதற்கு நான் எதிரி. இணையத்தில் பார்த்து அடுக்களை மேசையில் அறுவை செய்தவர்கள் உண்டு, அதில் சில கோழிகள் பிழைத்தும் இருக்கும். ஆனால் பாதத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேயே தசைநாரும் எலும்பும் இருக்கின்றன. வீக்கம் பாதத்தின் மேல்பக்கம் வரை வந்துவிட்டது, விரல்கள் விரிந்து நிற்கின்றன, கணுவுக்கு மேல் ஏறுகிறது, கோழி தீனி எடுக்கவில்லை என்றால் அது கால்நடை மருத்துவரின் வேலை. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கோழியைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை ஊர்தி பற்றியும் கேட்கலாம்.

மருந்துக்கடையில் கேட்டு டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லிப் பொடியைத் தண்ணீரில் கலக்குவது இன்னொரு பழக்கம். இறுகிய சீழைச் சுற்றி உடம்பே ஒரு சுவர் கட்டியிருக்கும். இரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? ஊசியோ மாத்திரையோ தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லட்டும். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்கு நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடை செய்தது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். பறவை உடம்பில் அது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டாம்.

இன்னொன்று. சீழ்க்கட்டியில் இருக்கும் இந்தக் கிருமி மனிதருக்கும் வரும். கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கழுவும் வேலையை அடுப்படித் தொட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நொண்டுகிறது, ஆனால் உள்ளங்கால் சுத்தமாக இருக்கிறது

முதலில் விரல் இடுக்கு. கருவேல முள்ளின் நுனி உள்ளே முறிந்து நிற்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். அடுத்து நகம். நகம் பிய்ந்து இரத்தம் வருவது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சோளமாவையோ மஞ்சள்தூளையோ வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். மற்ற கோழிகள் சிவப்பைப் பார்த்துக் கொத்தும் என்பதால் ஒருநாள் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வையுங்கள்.

ஒரு விரல் மட்டும் வீங்கிக் கறுத்திருந்தால் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மாடியில், தையல் மெஷின் பக்கத்தில் வளரும் கோழிகளுக்கு இது சாதாரணம். தோல் வீங்கி நூலை மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது, விரலைத் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். ஊறவைத்து, சிறிய கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். விரல் நுனி கறுத்துக் காய்ந்துபோயிருந்தால் தானே விழுந்துவிடும், கோழி அதில்லாமலும் நன்றாக நடக்கும்.

காலில் ஒன்றுமே இல்லையென்றால் கோளாறு காலில் இல்லாமலும் இருக்கலாம். வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து, முக்கிக்கொண்டு நிற்கும் பெட்டைக்கு முட்டை அடைத்திருக்கலாம். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டி, நடன முத்திரைபோல் விழுந்துகிடக்கும் விடைக்கோழிக்கு மேரெக்ஸ் நோய் இருக்கக்கூடும். அது வைரஸ், வந்தபின் மருந்து இல்லை, குஞ்சு பொரித்த முதல் நாளே தடுப்பூசி போட வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கினால் வெள்ளைக்கழிச்சல். அதற்கான தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராக நடக்கும், தவறவிடாதீர்கள்.

குஞ்சுகளின் விரல் உள்ளே சுருண்டு, கணுவால் நடந்தால் பி2 வைட்டமின் குறைவு. நொய்யை மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தும் நல்ல குஞ்சுத் தீவனமும் கொடுத்தால் திரும்பும். நரம்பு கெட்டபின் திரும்பாது.

செதில்கள் தூக்கிக்கொண்டு, கால் தடித்துச் சொரசொரப்பாக

செதிலுக்கு அடியில் துளை போட்டுக் குடியிருக்கும் ஒரு நுண்ணிய உண்ணியின் வேலை இது. கண்ணுக்குத் தெரியாது. கால் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பொருக்கு ஏறும். வயதான கோழிகளுக்கும், காலில் இறகு உள்ள வகைகளுக்கும் அதிகம். ஒன்றுக்கு வந்தால் ஒரே கம்பில் அடையும் எல்லாவற்றுக்கும் வரும்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியில் இரத்தம் வரும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் மேலிருந்து கீழாக மெல்லத் தேயுங்கள். காய்ந்ததும் வாஸ்லினோ, வேப்பெண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெயோ செதில் இடுக்கில் நிற்கும்படி தாராளமாகப் பூசுங்கள். உண்ணி மூச்சு முட்டிச் சாகும். ஆனால் ஒரே பூச்சில் எல்லாம் சாகாது என்பதால் வாரம் இருமுறை, குறைந்தது நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். உண்ணி செத்துவிட்டாலும் பழைய செதில் உதிர்ந்து புதியது வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் கால் அழகாகவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து கேட்கிறது, அதை மருத்துவர் அளவு சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெயில் காலை முக்கியெடுப்பது பாட்டி காலத்து வைத்தியம். உண்ணி சாகும், கூடவே தோலும் வெந்துபோகும். பாட்டியிடம் வாஸ்லின் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

கணுமூட்டு வீக்கம்

மூட்டு உப்பிச் சூடாக இருந்தால் அதே சீழ்க்கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கலாம், மைக்கோபிளாஸ்மா என்ற வேறு பாக்டீரியாவாகவும் இருக்கலாம். மூட்டருகே வெள்ளையாக, சாக்பீஸ் பொடிபோல் தெரிந்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரிக் அமிலம் அங்கே படிந்திருக்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தைச் சிறு குஞ்சுக்குப் போட்டு, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தால் சிறுநீரகம் கெடுவது இதற்கு ஒரு காரணம். மூன்றில் எதையும் வீட்டில் உறுதி செய்ய முடியாது. ஊசியால் குத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

காலில் மரு போன்ற கொப்புளங்கள்

கொண்டையையும் தாடியையும் கண்ணோரத்தையும் பாருங்கள். அங்கேயும் இருந்தால் அம்மை. கொசு பரப்பும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது நம் வழக்கம். புண்ணில் வேறு கிருமி சேராமல் காக்க அது உதவும், வைரஸ் தன் போக்கில் சில வாரத்தில் அடங்கும். பொருக்கை உரிக்காமலும், கூண்டருகே தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

கால் தோலில் இரத்தம் கட்டியதுபோல் செந்நீலப் புள்ளிகள், கொண்டை நீலம் பாரித்தல், ஒரே நாளில் பல சாவு என்றால் வெறும் கையால் எதையும் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புண்டு, உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஒன்றல்ல, பல கோழிகளுக்குப் பாதம் சிவந்திருக்கிறது

கறுப்பிக்குக் கட்டு போட்ட மூன்றாம் வாரம், சந்தேகத்தில் மற்ற ஆறையும் இரவில் பிடித்துப் பார்த்தேன். நான்கின் பாதம் சிவந்திருந்தது. அதன்பிறகு மருந்துப் பெட்டியை மூடிவிட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

தரையில் உமி போட்டிருந்தேன். மழைச்சாரல் பட்டு அது எப்போது ஊறியது என்றே கவனிக்கவில்லை. குனிந்து கோழியின் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோனால் கண் எரிந்தது. அம்மோனியா. நாம் நிற்கும் உயரத்தில் அந்த நெடி வருவதில்லை. ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடித்து விரித்தேன். உருண்டையாக நின்றது. விரித்ததும் உதிர்ந்தால்தான் சரியான ஈரம். உருண்டையாக நின்றால் பாதத்தின் தோல் நாள் முழுக்க ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஊறிய தோலில் சின்னக் கீறல் போதும்.

ஈரமான பகுதியை அள்ளிக் குப்பைக்குழியில் போட்டு, காய்ந்த உமியும் கடலைத்தோலும் மூன்று அங்குலத்துக்குப் பரப்பினேன். இப்போது வாரம் இருமுறை கிளறிவிடுகிறேன். தண்ணீர்க் கலனைச் செங்கல் மேல் ஏற்றி வைத்த பிறகு சிந்துவது பாதியாகக் குறைந்தது. சுண்ணாம்பு தூவுவதாக இருந்தால் நீர்த்த சுண்ணாம்புதான், அதுவும் கோழிகளை வெளியே விட்டுக் கிளறிய பிறகு. சுட்ட சுண்ணாம்பு ஈரத்தில் பட்டால் கொதிக்கும், பாதம் வெந்துவிடும்.

அப்புறம் கம்பு. நான் வைத்திருந்தது விளிம்பு கூரான சட்டம், நாலடி உயரத்தில், இறங்குகிற இடம் சிமென்ட். இரவு முழுக்க விளிம்பு பாதத்தில் அழுந்துகிறது, காலையில் நாலடியிலிருந்து சிமென்டில் குதிக்கிறது. கறுப்பிதான் கூட்டத்தில் கனமானவள், முதலில் அவளுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டங்குல அகலத்தில், விளிம்பை இழைத்து உருட்டிய கட்டையை இரண்டடி உயரத்தில் மாட்டி, கீழே கோணிமேல் உமி போட்டேன். குழாய்க் கம்பி, பிளாஸ்டிக் பைப் இரண்டும் வேண்டாம், பிடி வழுக்கும். கம்பிவலைத் தரையில் வளர்ப்பவர்கள் ஒரு மூலையிலாவது பலகை போட்டு வையுங்கள்.

கொல்லையில் சுற்றும் கோழியென்றால் வேலி கட்டியபின் சிதறும் கம்பித் துண்டு, ஆணி, உடைந்த ஓடு ஆகியவற்றை மாதம் ஒருமுறை பொறுக்குங்கள். தீனியில் மஞ்சள் சோளமும் முருங்கைக்கீரையும் இருந்தால் ஏ வைட்டமினுக்குக் குறை வராது, தோல் வலுவாக இருக்கும். மிச்சச் சோற்றைக் கொட்டிக் கொட்டிக் கோழியைக் கனக்க வைக்காதீர்கள்.

ஆறுகிறதா என்று எப்படித் தெரியும்

குழி அடியிலிருந்து சிவப்பாக மேலெழும்பி வரவேண்டும். சூடு ஒரு வாரத்தில் குறைய வேண்டும். இரண்டு வாரத்தில் மாற்றமில்லை, அல்லது பொட்டு திரும்ப விழுகிறது என்றால் உள்ளே துண்டு மிச்சமிருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள். நல்ல காலையும் மறக்காதீர்கள், எடை முழுவதையும் அது தாங்குவதால் அங்கேயும் சிவக்கத் தொடங்கும்.

கறுப்பிக்கு ஐந்தாம் வாரம் கட்டைக் கழற்றியபோது பாதத்தில் இளஞ்சிவப்பாக, பயறு அளவில் ஒரு தழும்பு இருந்தது. இறக்கிவிட்டதும் இரண்டு எட்டு நொண்டினாள். பழக்கதோஷம். மூன்றாம் எட்டில் கீரைக்கட்டைப் பார்த்தாள், ஓடினாள்.